ஒரு சொட்டுச் சீழ்

தொப்புள்கொடி விழுந்ததும் அதைத் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் அரைஞாணில் கட்டுவதற்காக, செண்பகத்தின் நாத்தனார் தமயந்தி வெள்ளித் தாயத்தோடு வந்து காத்துக் கிடந்தாள். மாதம் தாண்டியும் கொடி விழவில்லை. "அம்மாவ விட்டுப் பிரிய மனசில்லாத பய" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள். கொடியைச் சுற்றிப் புண்ணாகிக் கறுத்தபோதும் அசரவில்லை. "பாரு செண்பகம், ஒரு சொட்டுச் சீழ் இருக்கா? எங்க வம்சத்து ரத்தம் அவ்வளவு சுத்தம்." பெற்றவளும் அதை நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புண்ணையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் மாறிமாறிப் பார்த்தாள். "சீழுங்கிறது கிருமியோட சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணும்மா. இவன் ரத்தத்துல அது எக்கச்சக்கமா இருக்கு. ஆனா ரத்தக் குழாய்ச் சுவத்தப் பிடிச்சு நின்னாத்தானே புண்ணுக்குள்ள இறங்க முடியும்? எலும்புக்குள்ள உருவாகறப்பவே அந்த அணுவுக்குப் பிடிமானம் அமையல. புண்ணுக்குப் பக்கத்துல வந்து, நிக்க முடியாம ஓடிடுது."

"இதெல்லாம் எங்க ரத்தத்துல கெடையாது" என்று சொல்லிவிட்டுத் தமயந்தி தாயத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து செண்பகம், தெரிந்த சாமியிடமெல்லாம் சீழ் கேட்டாள். எந்தத் தாயும் கேட்காத வரம். விடிந்ததும் கட்டைப் பிரித்துப் பார்ப்பாள். புண் இன்னும் கொஞ்சம் அகன்று, கழுவிக் கவிழ்த்த கிண்ணம்போலச் சுத்தமாக இருக்கும்.

ஊசி போட வந்த நர்ஸ் குழந்தையின் கையை இழுத்தாள். அது அம்மாவின் சுண்டுவிரலைப் பற்றியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பிரிக்க, மறுபடி மூடிக்கொண்டது.

"யப்பா, என்னா பிடி!" என்று நர்ஸ் சிரித்தாள். "இவனுக்கா உடம்புக்கு முடியல?"