பதினோரு எலுமிச்சை

காலை ஏழேகால். எலுமிச்சம்பழம் பதினொன்று. வாங்கிவரச் சொன்னவர் டாக்டர் திக்கோனா, கால்நடை மருத்துவர்.

"சிவப்பு நூல்ல கோத்து ஓசோ கழுத்துல கட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் கழட்டக் கூடாது."

எர்லிந்தா அவரையே பார்த்தாள். மேட்டுத் தெருப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக வேதியியல் நடத்துகிறவள். மேசைமேல் அவளுடைய நாய் ஓசோ, முன்னங்காலில் குளுக்கோஸ் ஏறப் படுத்திருந்தது. மோகியோ. மூக்கில் சளியாக ஆரம்பித்து மூளைக்கு ஏறும் நோய். அன்று விடியும் நேரத்தில்தான் முதல் வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளியிருந்தது.

"பதினோரு பழத்துச் சாறுல மீனை ஊறவச்சு ஒரு சட்டி செவிச்சே பண்ணலாம் டாக்டர். மீன்தான் பாக்கி."

திக்கோனா சிரிக்கவில்லை. ஊசி போட்டார். வலிப்புக்குச் சொட்டு மருந்து எழுதினார், எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம். சீமைச் சாமந்தி கொதித்த தண்ணீரில் கண் பீளையைத் துடைக்கச் சொன்னார். கோழிச் சாறு கொடுக்கச் சொன்னார். கடைசியில் மறுபடியும் எலுமிச்சை.

"பொழைக்குமா?"

"பாதிக்குப் பாதி."

வீடு வரும் வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. எலுமிச்சையை நம்புகிற மனிதர் போட்ட ஊசி சரியான ஊசிதானா? வேறு டாக்டர் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி நகரத்துக்கு இறங்க வேண்டும். நாய் தாங்காது. வெறிநோய் ஊசியை இலவச முகாமில் வருடம் தவறாமல் போட்டிருந்தாள். மோகியோ ஊசி மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போயிருந்தது. அதையும் நினைத்துக்கொண்டாள்.

சொன்னபடி கோத்தாள். ஒரு மணி நேரம் கட்டியும் வைத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த மாணவிகள் இரண்டு பேர், வேதியியல் டீச்சர் வீட்டிலுமா என்று சிரித்துக்கொண்டு போனதும், அவிழ்த்துச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டாள்.

முதல் நாள் ஐந்து வலிப்பு. மறுநாள் மூன்று. ஒவ்வொரு முறையும் நாக்கு உள்ளே போய்விடுமோ, மூச்சு நின்றுவிடுமோ என்று அதன் விலாவில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் ஒன்று. நான்காம் நாள் வரவேயில்லை. அன்று ஓசோ கோழிச் சாற்றைத் தானே நக்கிக் குடித்தது.

ஐந்தாம் நாள் மதியம் காஸ் சிலிண்டர்காரர் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனார். ஓசோ எழுந்தது. தன் காலாலேயே நடந்து தெருவுக்குப் போனது.

சந்தோஷப்பட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. நடுத்தெருவில் நாய் சாய்ந்தது. கால்கள் விறைத்து இழுத்தன. பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. வாய் நிறைய நுரை.

போன மாதம் கீழ்த் தெருவில், காய்ந்த ஓடைக்குள்ளிருந்து வந்த வெறிநாய் ஒன்று ஒரு பிள்ளையைக் கடித்திருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு கதவோரம் ஒரு தடி.

கதவுகள் திறந்தன. முதல் கல் ஓசோவின் இடுப்பில் விழுந்தது. எதிர்க்கடையில் பஞ்சர் ஒட்டும் சிரீலோ கடப்பாரையோடு வந்தார். நல்ல மனிதர். அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

எர்லிந்தா தடுப்பூசி அட்டையை நீட்டிக்கொண்டு குறுக்கே நின்றாள். வெறிநோய் ஊசி போட்ட நாய், தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது என்றாள். ஒருவரும் அட்டையைப் பார்க்கவில்லை. நாயின் வாயைத்தான் பார்த்தார்கள்.

"தள்ளுங்க டீச்சர்," என்றார் சிரீலோ.

"அண்ணே, இது வெறி இல்ல. மோகியோ."

"நாய் வச்சிருக்கிறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மோகியோன்னா கழுத்துல எலுமிச்சை எங்க?"

அவள் ஓடினாள். கடப்பாரைக்கு முன்னால் நாயை விட்டுவிட்டு ஓடினாள். ஆணியிலிருந்து மாலையை இழுத்த வேகத்தில் நூல் அறுந்து நாலு பழம் உருண்டது. மீதியை, உதறிக்கொண்டிருந்த கழுத்தில் சுற்றினாள். முடிச்சு மூன்றாவது தடவைதான் விழுந்தது.

சிரீலோ கடப்பாரையைத் தரையில் வைத்தார்.

"முன்னாடியே கட்டித் தொலைச்சிருக்கலாமே டீச்சர். கொன்னிருப்பேன்."

ஓங்கின கல்லை ஒருவர் ஓரமாகப் போட்டார். ஒரு வாளி தண்ணீர் வந்தது. இழுப்பு அடங்கியதும் ஓசோவை வீட்டுக்குள் தூக்கி வந்தது சிரீலோதான்.

சாயங்காலம் திக்கோனா வந்து இடுப்பைத் தடவிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை என்றார். மருந்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"எலுமிச்சை நாய்க்கு என்ன பண்ணும் டாக்டர்?"

"ஒண்ணும் பண்ணாது."

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று அவள் கேட்டாள்.

"சொல்லியிருந்தா மறுநாளே வகுப்புல சொல்லியிருப்பீங்க. தெரு முழுக்கத் தெரிஞ்சிடும். அடுத்த நாய் கழுத்துல நான் எதைக் கட்டுறது?"

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் நடந்ததைச் சொன்னார்.

"ஒரு நாய் கழுத்துலேர்ந்து எலுமிச்சை மாலையை நானே அறுத்து எறிஞ்சேன் டீச்சர். மூடநம்பிக்கைன்னு அரை மணி நேரம் பேசினேன். என் மருந்து நல்லா வேலை செஞ்சுது. ஆறாம் நாள் நாய் எழுந்து தெருவுக்குப் போச்சு. வெறுங்கழுத்தைப் பார்த்து அடிச்சே கொன்னுட்டாங்க."

சமையலறையில் உருண்டு கிடந்த நாலு பழத்தையும் அவள் பொறுக்கி வந்து கோத்தாள்.

ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மேட்டுத் தெருக்காரர்களின் கூட்டம் நடந்தது. எர்லிந்தாவின் காலடியில் ஓசோ படுத்திருந்தது. பின்னங்கால் ஒன்று மட்டும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. எலுமிச்சை கட்டினால் மோகியோ நிஜமாகவே போகுமா என்று ஒருவர் வேதியியல் டீச்சரைக் கேட்டார். டாக்டரிடம் காட்டிவிட்டுக் கட்டினால் போகும் என்று அவள் சொன்னாள்.