கால் முளைச்ச அப்பா

பேர் ஷெரோன். வயது இருபத்தெட்டு. இப்ப நிக்கிற இடம் இளவாலை, சொந்த வீட்டுப் படலைக்கு வெளியிலை, சிவத்த உடுப்பும் பஞ்சுத் தாடியுமாய்.

மூண்டு வருசத்துக்குப் பிறகு கட்டாரிலையிருந்து லீவிலை வந்தவனை வீட்டுக்காரர் உடன வெளியிலை விட்டுப் படலையைச் சாத்திப்போட்டினம் எண்டு நினைக்காதேங்கோ. அவன் வந்து இண்டைக்கு நாலாம் நாள்.

நாலு நாளாய் மகள் நிவேதனா கிட்ட வரேல்லை.

அவன் போகேக்கை எட்டு மாதக் குழந்தை. அதுக்குப் பிறகு அவளுக்கு அப்பா எண்டால் அம்மான்ரை போனுக்குள்ளை வாற ஒரு தலை. கொஞ்சினால் கண்ணாடி ஈரமாகும், அவ்வளவுதான்.

அந்தத் தலைக்குக் கீழை திடீரெண்டு வயிறும் காலும் முளைச்சு, சாரமும் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளை நடந்து திரிஞ்சால் பிள்ளை என்ன செய்யும்? குசினிக் கதவுக்குப் பின்னாலை போய் ஒளிச்சிட்டுது.

அவன் கொண்டுவந்த பொம்மை அவளைவிட அரை அடி உயரம். வயித்தை அமத்தினால் அரபியிலை பாடும். பாடிச்சுது. அதோடை அவள் குசினியை விட்டு வெளியிலை வாறதையும் நிப்பாட்டிப் போட்டாள்.

நல்ல தொடக்கம்.

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, வீடு வீடாய்ப் பாடிக்கொண்டு வாற இந்த ஊர்க் கரோலிலை ஒரு வழக்கம் இருக்கு. தாய் தேப்பன் வாங்கின பரிசைப் பேரெழுதி, பிள்ளைக்குத் தெரியாமல் முதல் நாளே கரோல்காரரிட்டைக் குடுத்துவிட வேணும். அடுத்த நாள் நத்தார் பாப்பா வந்து அதைச் சாக்குக்குள்ளையிருந்து எடுத்துக் குடுப்பார். முன்னைப் பின்னை தெரியாத அந்தக் கிழவன்ரை மடியிலை பிள்ளையள் ஓடிப்போய் ஏறுங்கள். காசு குடுத்து வாங்கின தேப்பன் ஓரமாய் நிண்டு கை தட்டலாம்.

ஷெரோன்ரை மூளை அங்கைதான் வேலை செய்தது.

பதினொரு வருசமாய் நத்தார் பாப்பா வேசம் போடுற சந்தியோகு அண்ணையிட்டைப் போய்க் கெஞ்சினான். அவர் அவன்ரை வண்டி வயித்தை ஒருக்கால் மேலை கீழை பாத்தார்.

“எடுத்துப் போடு தம்பி. உனக்குத் தலாணி வைக்கிற வேலை மிச்சம்.”

இப்ப பாட்டுத் தொடங்கிச்சுது. படலை திறந்துது.

நிவேதனா ஓடி வந்தாள். நாலு நாளாய்க் குசினியிலை கிடந்த பிள்ளை, முத்தம் முழுக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி வந்தாள். விறாந்தையிலை அவன்ரை மனிசி தாரிகா சிரிப்பை அடக்க ஏலாமல் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாள்.

அவன் குரலை மாத்திப் பேரைக் கூப்பிட்டான். பார்சலைக் குடுத்தான். தாரிகா வாங்கினது, ஒரு பெட்டி கலர் பென்சில். நிவேதனா அதை நெஞ்சோடை சேத்துப் பிடிச்சாள். பிளேனிலை வந்த பொம்மை அலுமாரிக்கு மேலை இருந்து பாத்திருக்கும்.

பிறகு அவன்ரை மடியிலை ஏறினாள். கன்னத்திலை கொஞ்சினாள்.

மூண்டு வருசக் காத்திருப்பு. கிடைச்சது பஞ்சுக்கு.

பரவாயில்லை, இனித் தாடியை மெல்லக் கழட்டினால் சரி எண்டு அவன் கையைத் தூக்க, அவள் காதுக்குள்ளை வாயை வைச்சாள்.

“எங்கடை வீட்டிலை ஒரு மாமா வந்து நிக்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவர் வந்ததிலையிருந்து அப்பா போன் எடுக்கிறேல்லை.”

தூக்கின கையாலை அவன் தாடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினான். ஓம் எண்டான். நத்தார் பாப்பா வேறை என்ன சொல்லுறது?

அடுத்த நாள் பின்னேரம் ஏழு மணிக்கு அவன் ஒழுங்கைக்கு இறங்கி, மதிலுக்கு முதுகைக் குடுத்து, தன்ரை வீட்டுக்குப் போன் எடுத்தான். அவளுக்குப் பிடிபட்டிட்டுது. மாமா வெளிக்கிட்டால் அப்பா வருவார். இப்ப ஆறரைக்கே அவன்ரை செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து காலடியிலை வைக்கிறாள். மகள் கிட்ட வந்தது அப்பிடித்தான்.

அவள் சிரிக்கிற சத்தம் முதலிலை மதிலுக்கு மேலாலை கேக்கும். பிறகுதான் போனுக்குள்ளாலை வரும்.

லீவு முடிய இன்னும் ஒன்பது நாள் கிடக்கு. ஏழு மணிக்கு அந்த ஒழுங்கையாலை மோட்டச்சைக்கிளிலை போறவை, தயவுசெய்து ஹோன் அடிக்காமல் போங்கோ. பிள்ளைக்கு ரெண்டு பக்கத்தாலையும் கேக்கும்.