கோலி மிளகாய்

சுப்புராஜின் தோளில் பொன்னாடை விழுந்ததும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அமுதவள்ளி எழுந்துவிட்டாள்.

அருப்புக்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் அன்று விதைத் திருவிழா. கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.

"மூணு தலைமுறையா எங்க வீட்டுப் பானையில காப்பாத்தி வச்ச கோலி மிளகா வெதை" என்றார் சுப்புராஜ், மைக்கில்.

எந்தப் பானை?

திருச்சுழிப் பக்கம் அவருக்கிருந்த கரிசல் காட்டில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் அவள். நாற்று நட்டது, களை எடுத்தது, பழம் பறித்தது, களத்தில் காயப்போட்டது எல்லாம் அவள். நல்ல செடியாகப் பார்த்துக் கந்தல் துணியைக் கட்டிவிட்டு, இதில் யாரும் கை வைக்கக்கூடாது என்று மற்றப் பெண்களோடு மல்லுக்கு நின்றவளும் அவள்தான். அந்தச் செடிகளின் பழம்தான் மறுவருடத்துக்கு விதை.

சுப்புராஜ் வரப்பில் பைக்கை நிறுத்துவார். செருப்பில் மண் ஒட்டாமல் திரும்பிப் போவார். கோலிக்குண்டு போல உருண்டிருக்கும் அந்த மிளகாயை அவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. அவருக்கு வயிற்றுப்புண்.

ஆறு வருடத்துக்கு முன் காட்டைச் சோலார் கம்பெனிக்குக் கொடுத்தார். இனி வேலைக்கு வரவேண்டாம் என்பதை ஆள்விட்டுச் சொன்னார். அவள் பாளையம்பட்டிக்குக் குடிவந்து விசைத்தறிக்குப் போக ஆரம்பித்தாள்.

இன்று அவருக்குப் பொன்னாடை. கூடவே 'விதைக் காவலர்' என்று ஒரு பட்டம்.

அடுத்து மைக்கை வாங்கியவர் சங்கர். கொடைக்கானலில் பசுமைக்குடில் போட்டு, பழைய மிளகாய் ரகங்களைத் தேடித்தேடி வளர்ப்பவர். அவர் கொண்டுவந்த தொட்டிச் செடி மேடை மேசையில் சிவக்கச் சிவக்கக் காய்த்து நின்றது.

மலைக் குளிரில் விதை முளைக்காததால் நாற்றுத் தட்டுக்கு அடியில் சூடு வைத்ததையும், பூ உதிர்ந்துவிடாமல் இருக்கச் சின்னத் தூரிகையால் ஒவ்வொரு பூவாகத் தொட்டுவிட்டதையும் கூச்சத்தோடு சொன்னார்.

"ஐயா குடுத்த கோலி வெதைதான் இது. எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். காரம் மட்டும் வரவே இல்லை. ஐயாதான் வழி சொல்லணும்."

சுப்புராஜ் சிரித்தார். "அது மண்ணு வாகு தம்பி. அதோட, பாடுபட்ட கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

கை!

அமுதவள்ளி விறுவிறுவென்று மேடை ஏறினாள். "ஏம்மா, ஏம்மா" என்று யாரோ பின்னால் கூப்பிட்டார்கள். அவள் தொட்டிச் செடியிலிருந்து ஒரு காயைப் பிடுங்கி முழுசாக வாயில் போட்டாள். வெள்ளரிப் பிஞ்சைத் தின்பதுபோல் மென்றாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

சுப்புராஜுக்கு அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. "நம்ம காட்டுல வேலை பாத்த பிள்ளை" என்றார் கூட்டத்தைப் பார்த்து.

பிள்ளையாம். அவளுக்கு வயது நாற்பத்தெட்டு.

விழா நோட்டீஸில் அவர் படத்தைப் பார்த்த நாளிலிருந்து தறிச் சத்தத்துக்குள் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்த வசவெல்லாம் தொண்டைக்கு வந்தது. கொட்டியிருப்பாள். அதற்குள் சங்கர் மைக்கை மேசையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தார்.

"அந்தக் குளிர்ல நான் என்ன தப்புப் பண்ணேன்? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்கம்மா."

இந்த மிளகாயைப் பற்றி அவளிடம் இதுவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல தம்பி. வெதைதான் வேற."

சுப்புராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஏய், என்ன பேசுற? அது எங்க வீட்டு வெதை!"

"உங்க வீட்டுக்கு அது எங்கருந்து வந்துச்சு மொதலாளி? சொல்லுங்க."

அவர் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், அவருடைய டிரைவர் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே ஹாரன் அடித்தான். ஐயா கோலி விதை ரெண்டு கை கேட்டார் என்றான். காட்டை விட்டு வரும்போது கடைசி விதையை அவள்தான் முடிந்து எடுத்துவந்திருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, கொடு என்றால் கொடு என்றான். நாளைக்கு வா என்று அனுப்பினாள். சாயங்காலம் டவுனுக்குப் போய், காரமே இல்லாத உருண்டை ரகத்தில் கம்பெனி விதைப் பாக்கெட் வாங்கி வந்தாள். பிரித்து, பழைய துணிப்பையில் கொட்டி, வாயை இறுகக் கட்டி வைத்தாள். மறுநாள் அதைத்தான் அவன் வாங்கிப்போனான்.

"கடை வெதை மொதலாளி" என்றாள் இப்போது, அவருக்கும் சங்கருக்கும் மட்டும் கேட்கும்படி.

ஏமாற்றிவிட்டாள் என்று கத்துவதற்கு சுப்புராஜ் வாயைத் திறந்தார். கத்தினால், விதை வந்தது அவளிடமிருந்துதான் என்று அவர் வாயாலேயே மண்டபம் முழுக்கக் கேட்டுவிடும். மெதுவாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

அமுதவள்ளி சங்கரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இம்புட்டுப் பாடுபடப் போறது நீங்கன்னு எனக்குத் தெரியாது தம்பி. பாளையம்பட்டியில எங்க மாடியில பன்னெண்டு பெயிண்டு வாளியில நிக்கிது, நெசமான கோலி மிளகாய். சாயங்காலம் வாங்க, தாரேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"பாத்துக் கடிங்க."