கால்மாட்டில் நான்கு வரிசை

பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் பாதி தைத்த போர்வை ஒன்று கிடந்தது. தெய்வானையுடைய கணவரின் முதல் மனைவி பூரணி, வயிற்றிலிருந்த பிள்ளைக்காகத் தைக்கத் தொடங்கியது. பிரசவத்தில் அவள் போனதோடு அதுவும் நின்றுவிட்டது. நூல் கோத்த ஊசி இன்னும் துணியில் குத்தியிருந்தது. மீதித் துண்டுகளையும் தன் பழைய புடவைகளிலிருந்து வெட்டி, வரிசைப்படி கட்டி வைத்திருந்தாள்.

"பாதி வேலைய எனக்கு மிச்சம் பண்ணிட்டீங்கக்கா" என்றபடி, துருவேறிய ஊசியை மட்டும் மாற்றிவிட்டு, அவள் விட்ட தையலிலிருந்து தெய்வானை தொடர்ந்தாள்.

அந்தப் பிள்ளை அமுதாவுக்கு இப்போது ஏழு வயது. தைத்து முடித்துப் போர்த்தினால், போர்வை முழங்காலைத் தாண்டவில்லை.

"கால் குளிருது சித்தி."

தெய்வானை தன் கல்யாணப் புடவையை வெட்டிக் கால்மாட்டில் நான்கு வரிசை சேர்த்தாள். அம்மா நெஞ்சோடு இருக்கட்டும், தனக்குப் பாதம் போதும் என்றிருந்தது.

விடிந்து பார்த்தால், அமுதா போர்வையைக் குறுக்காகத் திருப்பிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கன்னத்தில் பூரணியின் சுங்குடி, மறு கன்னத்தில் கல்யாணப் பட்டு. கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

தெய்வானை அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.