தீப்பிடிக்காத விடுதி

பல்கலைக்கழக விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த மங்கையர்க்கரசிதான் இணையக் கலைக்களஞ்சியத்தில் பல்கலைக்கழகத்தைப் பற்றிய கட்டுரையைக் கவனித்துக்கொண்டாள். மாணவியர் விடுதியில் முன்பு தீப்பிடித்த செய்தியை நீக்கிவிட்டு, ‘இங்கே தீ விபத்துக்கு வாய்ப்பே இல்லை’ என்று எழுதியவள் அவள்தான்.

ஒரு மதியம், அதே விடுதியில் தங்கிப் படித்த தங்கை தேன்மொழி போனில் அலறினாள். “அக்கா, படிக்கட்டெல்லாம் புகை! எறங்க முடியல!”

மங்கையர்க்கரசி பதறிப்போய்த் தீயணைப்பு நிலையத்தை அழைத்தாள். இயந்திரக் குரல் பேசியது.

“அந்த விடுதியில் தீப்பிடிக்காது என்கிறது கலைக்களஞ்சியம். உங்கள் அழைப்பு வதந்தியாகப் பதிவாகிறது.”

“ஐயோ, அத எழுதினதே நான்தாங்க! பொய்ங்க அது!”

“அப்படியானால் நீங்கள் பல்கலைக்கழகத்தின் ஆள். சொந்த நிறுவனத்தைப் பற்றி நீங்களே சொல்வதை ஏற்க இயலாது.”

தொடர்பு அறுந்தது. செருப்புகூடப் போடாமல் விடுதிக்கு ஓடினாள்.

சமையல்கார அம்மாக்கள் ஜன்னல் கம்பியை உடைத்துப் பெண்களை இறக்கியிருந்தார்கள். இரண்டு கைகளும் வெந்துபோய் வேப்பமரத்தடியில் கிடந்தாள் தேன்மொழி.

“எல்லாரும் மாத்தி மாத்திக் கூப்பிட்டோம்க்கா. தீயே இல்லங்கறாங்க. எவக்கா அப்படி எழுதி வச்சது?”