ஈயச் சர்க்கரை

பழைய ஆய்வுக்கூடத்தின் அலமாரியில் வெள்ளைத் தூள் நிறைந்த சீசா ஒன்று இருந்தது. அங்கே பழைய லேபிளைக் கிழிப்பதில்லை; அதன்மேலேயே புதியதை ஒட்டிவிடுவார்கள்.

காகிதம் தின்னும் பூச்சி ஒன்று சீசாவின்மேல் ஏறியது.

"தம்பி, படிக்கத் தெரியுமா?" என்றது சீசா.

"தின்னுக்கிட்டே படிப்பேன். லெட் அசிடேட்னு போட்டிருக்கு."

"அது நேத்து வச்ச பேரு. அடியில பாரு."

மேல் லேபிளைப் பூச்சி தின்று முடித்தது. "ஈயச் சர்க்கரை! அட, இவ்வளவு நல்ல பேரை யாருண்ணே வச்சது?"

"முன்னாடி இங்கே ஒரு ஐயா இருந்தார். எதையும் நாக்குல வச்சுப் பார்த்துட்டுதான் பேர் எழுதுவார். கீழே ருசியையும் குறிப்பார்."

"ஆமா, குறிச்சிருக்கார். 'இனிப்பாக இரு...' அதுக்கப்புறம் வெறும் கோடு, காகித ஓரம் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போகுது. ஏன் முடிக்கலை?"

"அந்த இடத்துலதான் தூள் சிந்தி ஊறியிருக்கு. நீயே தின்னு பாரேன்."

பூச்சி கடித்தது. "ஆமாண்ணே, இனிப்பா இரு..."

சீசா காத்திருந்தது. பூச்சி உதிர்ந்து பலகையில் விழுந்தது.

"ஐயாவும் இதோடதான் நிறுத்தினார்," என்றது சீசா.