சேராத தட்டு

“இதுவும் சேரலையா சார்?”

வீடியோ கேமராவை டிரைபாட் ஸ்டாண்டில் பூட்டும் அந்தச் சின்ன அலுமினியத் தட்டை, பழைய கேமராக்களை வாங்கி விற்கும் கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொண்டார். அது எத்தனையாவது தட்டு என்று சரியாக நினைவில்லை. ஒன்பதாவதாக இருக்கலாம். வியாழக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். ஓய்வுபெற்ற அந்தத் தபால்காரர் வியாழக்கிழமைதான் வருவார்.

“கேமராவுக்கு அடியில நல்லாத் திருகிக்குது தம்பி. ஸ்டாண்டு தலையில வச்சா ஆடுது.”

“பொண்ணை மட்டும் கூட்டிட்டு வந்து காட்டுறீங்க, மாப்பிள்ளையை வீட்லயே ஒளிச்சு வச்சிருக்கீங்க. ஜோடி எப்படி சேரும்? ஸ்டாண்டையும் கொண்டாங்க சார்.”

“கனம் தம்பி. ஊரெல்லாம் நடந்த முட்டி, இப்ப படியே இறங்க மாட்டேங்குது.”

“அப்ப சாயந்தரம் நானே வீட்டுக்கு வர்றேன். அஞ்சு நிமிஷ வேலை.”

இந்த அரை மணி நேரத்தை விட்டால் அடுத்த வியாழன் வரை தபால்காரர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. தட்டு சேர்ந்துவிட்டால் இங்கே வர என்ன சாக்கு?

“வேண்டாம். வீடு போட்டது போட்டபடி கிடக்கு.”

கடைக்காரர் வற்புறுத்தவில்லை. மின்விசிறி கறகறவென்று சுற்றியது.

“அந்தச் சிவப்புக் கோடு இன்னும் இருக்கா சார்? முதல் வாரம் சொன்னீங்களே.”

“அதுவா? எங்களைப் படம் பிடிக்க வீட்ல மூணாவது ஆள் ஏது? ரெண்டு பேரும் ஒண்ணா விழணும்னா எவ்வளவு உயரம்னு பார்த்து, ஸ்டாண்டு கால்ல என் சம்சாரம்தான் நெயில் பாலிஷால கோடு போட்டு வச்சா. மகராசி, கோட்டை எனக்கு விட்டுட்டுப் போயிட்டா.”

கூரியர்காரர் கூப்பிட, கடைக்காரர் வாசலுக்குப் போனார். தண்ணீர் குடிக்கலாம் என்று தபால்காரர் திரையை விலக்கி, கடைக்காரர் தங்கும் உள் அறைக்குள் நுழைந்தார்.

ஒரு பாய். ஒரு நாற்காலி. ஒரு டம்ளர். மூலையில் ஒரு ஸ்டாண்டு, காலில் சிவப்புக் கோட்டோடு.

மனைவி போன மறுமாதம், பார்க்கச் சகிக்காமல் பழைய சாமான்காரரிடம் அவர் போட்டுவிட்ட ஸ்டாண்டு. அதன் தலையில் சரியான தட்டு பூட்டியபடியே இருந்தது. கழுத்தில் ஒரு அட்டை: ‘விற்பனைக்கு இல்லை’.

சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“இதைப் போட்டுப் பாருங்க சார்,” என்று கடைக்காரர் இன்னொரு தட்டை நீட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை, அதுவும் சேரவில்லை என்று சொல்லத் தபால்காரர் வந்தார். கடைக்காரர் வேறொரு தட்டை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். ஸ்டாண்டு உள் அறையிலேயே நின்றது.